போர்க்கப்பல் போகலாம், சரக்குக் கப்பல் போகுமா?

ஒவ்வொரு பெரிய வணிகக் கப்பலிலும் ஏ.ஐ.எஸ். என்றொரு கருவி உண்டு. கப்பலின் பெயர், வேகம், திசை, போய்ச் சேரவேண்டிய துறைமுகம் ஆகியவற்றை அக்கம்பக்கத்துக் கப்பல்களுக்கும் கரைக்கும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது அதன் வேலை. துறைமுகத்தின் பெயரை எழுதும் கட்டத்தில் இருபது எழுத்துகளுக்கு மேல் இடம் கிடையாது. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், செங்கடலின் தெற்கு வாசலை நெருங்கிய பல கப்பல்கள் அந்தக் கட்டத்தில் துறைமுகத்தின் பெயரை எழுதவில்லை. ‘மாலுமிகள் அனைவரும் சீனர்கள்’ என்று சில எழுதின. ‘இஸ்ரேலுடன் தொடர்பில்லை’ என்று சில. ‘ஆயுதக் காவலர் இருக்கிறார்கள்’ என்று வேறு சில. அதே கடலில் அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று தன் துணைக்கப்பல்கள் சூழ நின்றுகொண்டிருந்தது. ஆனால், உயிருக்கு உத்தரவாதம் தேடிய கப்பல் தலைவர்கள் அந்த இருபது எழுத்துகளைத்தான் நம்பினார்கள்.

வலுவான கடற்படை இருந்தால் நீரிணைகளைத் திறந்துவைத்துக்கொள்ளலாம் என்பது வல்லரசுகள் தலைமுறை தலைமுறையாக நம்பிவந்த கொள்கை. அந்த வாசல்களில் எவனாவது வாலாட்டினால் நாலு போர்க்கப்பலை அனுப்பினால் போதும், பயந்து அடங்கிவிடுவான் என்பது அதன் சாரம். 2023 நவம்பர் தொடங்கி பாப் எல்-மண்டெப் நீரிணையைச் சுற்றி நடந்தவை அந்த நம்பிக்கையை உடைத்துப் போட்டிருக்கின்றன. உடைந்ததை ஒப்புக்கொள்ள வாஷிங்டனுக்கும் மனமில்லை, லண்டனுக்கும் மனமில்லை. எண்ணெயும் எரிவாயுவும் ஏற்றுமதியும் இதே மாதிரி வாசல்களை நம்பியிருக்கும் புதுடெல்லியும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. இது ஆபத்தான மௌனம்.

பாப் எல்-மண்டெப் யேமனுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் நடுவே இருக்கிறது. குறுகிய இடத்தில் அகலம் சுமார் 30 கிலோமீட்டர். அதையும் பெரிம் தீவு இரண்டாகப் பிரிக்கிறது. சூயஸ் கால்வாய் வழியாக ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே போகும் எந்தக் கப்பலும் இதைக் கடந்தாகவேண்டும். பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. காசா போரின் பெயரில் கப்பல்களைத் தாக்கிய யேமனின் ஆயுத இயக்கமான ஹூதிகளின் கையில் இந்த நீரிணையின் கரைகூட இல்லை. பெரிம் தீவும் மோக்கா துறைமுகமும் அவர்களுடைய எதிரணியிடம் இருக்கின்றன. ஹூதிகள் வடக்கே ஹொதைதா கரையிலிருந்தும் அதற்குப் பின்னால் உள்ள மலைகளிலிருந்தும்தான் ஏவுகணைகளையும் டிரோன்களையும் ஏவினார்கள். வாசலுக்கே வராதவர்கள் வாசலை மூடினார்கள். ஜிப்ரால்டர் போல ஒரு கோட்டையைப் பிடித்து வைத்தால் நீரிணை நம்முடையது என்ற பழைய கணக்கு இத்துடன் முடிந்தது.

2023 நவம்பர் 19 அன்று ஹூதிகள் ஹெலிகாப்டரில் வந்து ‘கேலக்சி லீடர்’ என்ற கார் ஏற்றும் கப்பலின் மேல்தளத்தில் இறங்கி, அதை யேமன் கரைக்கு ஓட்டிச் சென்றார்கள். அதிலிருந்த 25 மாலுமிகள் பிலிப்பைன்ஸ், பல்கேரியா, ருமேனியா, உக்ரைன், மெக்சிகோ நாட்டவர்கள். காசாவில் நடந்த போருக்கும் அவர்களுக்கும் எள்ளளவும் தொடர்பில்லை. பதினான்கு மாதங்கள் கழித்து, 2025 ஜனவரியில், ஓமான் நடுவில் நின்று பேசிய பிறகுதான் அவர்கள் வெளியே வந்தார்கள்.

2023 டிசம்பர் 18 அன்று அமெரிக்கா ‘ப்ராஸ்பெரிட்டி கார்டியன்’ என்ற பெயரில் பன்னாட்டுக் கடற்காவல் ஏற்பாட்டை அறிவித்தது. அதை நம்பி, டென்மார்க்கின் மெர்ஸ்க் நிறுவனம் நிறுத்திவைத்திருந்த தன் கப்பல்களை மறுபடி செங்கடலுக்குள் விட்டது. டிசம்பர் 30 அன்று அதன் ‘மெர்ஸ்க் ஹாங்சூ’ கப்பலை ஓர் ஏவுகணை தாக்கியது. மறுநாள் காலை நான்கு சிறு படகுகள் சுட்டுக்கொண்டே கப்பலின் அருகே இருபது மீட்டர்வரை வந்துவிட்டன. கப்பல் உதவி கேட்டது. அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. மூன்று படகுகள் மூழ்கடிக்கப்பட்டன, ஒன்று தப்பி ஓடியது. ஹூதிகளில் பத்துப் பேர் இறந்தார்கள். கப்பலில் இருந்தவர்களுக்குச் சிறு காயமும் இல்லை.

கடற்படையின் ஏட்டில் இது முழு வெற்றி. சரி, மெர்ஸ்க் என்ன செய்தது? ஜனவரி 2 அன்று செங்கடல் பயணங்களை மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்தியது. அந்த வாரம் முடிவதற்குள், தன் கப்பல்கள் இனி ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் போகும் என்று அறிவித்துவிட்டது. சண்டையில் ஜெயித்தவர்கள் அமெரிக்கர்கள். ஆனால் எதற்காகச் சண்டை போட்டார்களோ அந்தச் சரக்கு கைவிட்டுப் போனது. அடுத்த ஒன்றரை ஆண்டு நடந்ததெல்லாம் அந்த வாரத்தின் மறுபதிப்புதான் என்பது நம் கருத்து.

காரணம் எளிது. போர்க்கப்பலின் தலைவர் தாக்குதலை எதிர்பார்த்துத்தான் போகிறார். பத்து ஏவுகணைகளில் ஒன்பதை விழுத்தினால் அவருக்குப் பதக்கம். கண்டெய்னர் கப்பலை இயக்கும் நிறுவனத்துக்கோ அந்தப் பத்தாவது ஏவுகணைதான் கணக்கு. அதைவிடப் பெரிய கணக்கர்கள் லண்டனில் இருக்கிறார்கள். கடல் காப்பீட்டுச் சந்தையின் கூட்டுப் போர்க்குழு 2023 டிசம்பரிலேயே செங்கடலின் தென்பகுதியில் தன் ஆபத்துப் பட்டியலின் எல்லையை விரித்தது. கப்பலின் மதிப்பில் 0.05 விழுக்காடு அளவில் இருந்த போர்க்காப்பீட்டுக் கட்டணம் உச்சத்தில் 1 விழுக்காடுவரை ஏறியது. 10 கோடி டாலர் மதிப்புள்ள கப்பல் ஒன்று ஒரே ஒருமுறை கடந்துபோக 10 லட்சம் டாலர் கட்டவேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு யாரும் ஹூதியின் ஏவுகணைக்காகக் காத்திருக்கவில்லை. சூயஸ் கால்வாய் வழியாக 2023-இல் 26,434 கப்பல்கள் போயின. 2024-இல் போனவை 13,213. சரிபாதி. எகிப்தின் கால்வாய் வருமானம் 1,025 கோடி டாலரிலிருந்து ஏறக்குறைய 400 கோடி டாலருக்குச் சரிந்தது.

2024 ஜனவரி 11 இரவு முதல் அமெரிக்காவும் பிரிட்டனும் யேமன்மீது நேரடியாகக் குண்டு வீசத் தொடங்கின. ஒரு வாரம் கழித்துச் செய்தியாளர்கள் அதிபர் பைடனிடம் தாக்குதல்கள் பலனளிக்கின்றனவா என்று கேட்டார்கள். அவை ஹூதிகளை நிறுத்தவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். தாக்குதல்கள் தொடருமா என்றால் தொடரும் என்றார். ஒரு வல்லரசின் தலைவர் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியதற்காக நன்றி சொல்லலாம். அந்த ஒப்புதலுக்குப் பிறகும் கொள்கை மாறவில்லை என்பதுதான் கவலை.

அடுத்த சில மாதங்களில் நடந்ததைப் பாருங்கள். பிப்ரவரி 18 அன்று தாக்கப்பட்ட ‘ரூபிமார்’ கப்பல், சுமார் 21,000 டன் உரத்துடன் மெல்ல மெல்லத் தாழ்ந்து மார்ச் 2 அன்று மூழ்கியது. மார்ச் 6 அன்று ‘ட்ரூ கான்ஃபிடன்ஸ்’ கப்பலில் மூன்று மாலுமிகள் கொல்லப்பட்டார்கள். ஜூனில் ஆளில்லாப் படகு மோதி ‘ட்யூட்டர்’ மூழ்கியது. ஆகஸ்டில் பத்து லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெயுடன் ‘சூனியன்’ கப்பல் வாரக்கணக்கில் எரிந்தது. அதை இழுத்துச் செல்ல ஹூதிகள் ‘அனுமதி’ கொடுத்த பிறகுதான் இழுவைக் கப்பல்கள் நெருங்க முடிந்தது. அதுவரை அங்கே யார் அதிகாரி என்பதில் யாருக்காவது ஐயம் இருந்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். கப்பல் நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, யார் போகலாம், யார் போகக்கூடாது என்று சொல்ல ஓர் அலுவலகத்தையே ஹூதிகள் நடத்தினார்கள். அதற்கு மனிதாபிமான ஒருங்கிணைப்பு மையம் என்று பெயர் வேறு!

செலவையும் கொஞ்சம் பார்ப்போம். பதினைந்து மாதச் சண்டையில் எஸ்.எம்-2 வகை ஏவுகணைகள் 120-ம், எஸ்.எம்-6 வகை 80-ம் செலவானதாக 2025 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படை சொன்னது. முதல் வகை ஒன்றின் விலை சுமார் 20 லட்சம் டாலர். இரண்டாவது அதைப்போல் இரு மடங்கு. இவற்றால் விழுத்தப்பட்ட டிரோன்களில் பலவற்றின் விலை சில ஆயிரம் டாலர்களுக்குள் அடங்கும். பணத்தைக்கூட விட்டுவிடலாம், அமெரிக்காவிடம் அச்சகம் இருக்கிறது. ஏவுகணைக்கு அச்சகம் இல்லை. ஓர் அமெரிக்க நாசகாரிக் கப்பலில் 90-க்குச் சற்று அதிகமான ஏவு அறைகள்தான் உண்டு. அவை காலியானால் நடுக்கடலில் நிரப்பும் வழி இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. துறைமுகத்துக்குத் திரும்பி, கிரேன் வைத்து ஒவ்வொன்றாக இறக்கவேண்டும். எதிரி ஏவிக்கொண்டே இருந்தால் போதும். குறி தப்பினாலும் அவனுக்கு அது லாபம்.

இன்னும் கடுமையாக அடித்திருந்தால் அடங்கியிருப்பார்கள் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று. 2025 மார்ச் 15 முதல் மே 6 வரை அதிபர் டிரம்பின் அரசு இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களைக் கொண்டு 800-க்கும் மேற்பட்ட இலக்குகளைத் தாக்கியது. ராஸ் ஈசா எண்ணெய்த் துறைமுகம் தாக்கப்பட்டதில் எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாக ஹூதிகளின் சுகாதாரத் துறை சொன்னது. யேமனின் சாதா நகரில் ஆப்பிரிக்கக் குடியேறிகளை அடைத்துவைத்திருந்த இடத்தின்மீது குண்டு விழுந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ‘ஹாரி எஸ். ட்ரூமன்’ கப்பலிலிருந்து எஃப்-18 போர் விமானங்கள் இரண்டு கடலில் விழுந்தன. இரண்டாவது விழுந்த மே 6-ஆம் தேதியே டிரம்ப் சண்டை நிறுத்தத்தை அறிவித்தார். ஹூதிகள் பணிந்துவிட்டார்கள் என்றார் அவர். அமெரிக்கா பின்வாங்கிவிட்டது என்றார்கள் ஹூதிகள். நடுவில் நின்று பேசியது, மறுபடியும், ஓமான்.

அந்த உடன்பாடு அமெரிக்கக் கப்பல்களுக்கு மட்டும்தான். உலகத்தின் கடல்வழியைக் காக்கப் புறப்பட்ட கடற்படை, தன் கொடிக்கு மட்டும் பாதுகாப்பு வாங்கிக்கொண்டு கிளம்பியது. இரண்டே மாதத்தில், ஜூலை 6 அன்று ‘மேஜிக் சீஸ்’ என்ற கப்பலை ஹூதிகள் தாக்கி, பிறகு வெடிவைத்து மூழ்கடித்தார்கள். அடுத்த நாள் ‘எடர்னிட்டி சி’ கப்பலைத் தாக்கத் தொடங்கினார்கள். 9-ஆம் தேதி காலை அது மூழ்கும்வரை அதன் உதவிக்குப் போர்க்கப்பல் எதுவும் வந்து சேரவில்லை. கடலில் குதித்தவர்களைத் தேடியவை தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் அமர்த்திய கப்பல்கள். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கும் மேலாக உயிர்காப்பு அங்கியோடு நீரில் மிதந்தவர்கள் உண்டு. கப்பலில் இருந்த 25 பேரில் பத்துப் பேர் மீட்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் இந்தியர்.

இஸ்ரேலும் தன் பங்குக்கு அடித்தது. 2025 ஆகஸ்டில் யேமன் தலைநகர் சனாவில் ஹூதி அரசின் பிரதமரே கொல்லப்பட்டார். ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 29 அன்று, ஏடன் வளைகுடாவில் நெதர்லாந்துக் கொடியுடன் போன ‘மினர்வாக்ராக்ட்’ தாக்கப்பட்டது. அக்டோபரில் காசாவில் போர்நிறுத்தம் வந்த பிறகே தாக்குதல்களை நிறுத்திவைப்பதாக ஹூதிகள் தெரிவித்தார்கள். நிறுத்திவைத்தார்கள், கைவிடவில்லை.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். மிரட்டித் தடுக்கும் உத்தியின் முழு இலக்கணமும் இந்தப் பழமொழிக்குள் அடங்கிவிடுகிறது. இழப்பதற்குக் கடற்படையும் கப்பல் வணிகமும் பங்குச்சந்தையும் உள்ளவன் மிரட்டலுக்கு அஞ்சுவான். 2015 முதல் ஏழு ஆண்டுகள் சவூதி கூட்டணியின் குண்டுவீச்சைப் பார்த்த, பசியும் காலராவும் புகுந்த நாட்டின் ஒரு பகுதியை ஆயுதபலத்தால் ஆளும் இயக்கத்தின் மடியில் என்ன கனம் இருக்கிறது? குண்டு விழுவது சனாவின் சாதாரண மக்கள்மேல். ஹூதித் தலைமைக்கோ உலகின் மிக வலிமையான கடற்படையோடு மோதியவர்கள் என்ற பெயர் கிடைத்தது. ஈரானிலிருந்து வந்த ஆயுதங்கள் உதவின என்பது உண்மை. ஆனால் அது மட்டும் காரணமாக இருந்தால் தீர்வு சுலபமாக இருந்திருக்கும்.

அதற்காக ஹூதிகளை வீரர்களாகக் கொண்டாடும் கூட்டத்தோடு நமக்கு உடன்பாடில்லை. காசாவின் பெயரைச் சொல்லி அவர்கள் கொன்றது பிலிப்பைன்ஸின், வியட்நாமின் ஏழைத் தொழிலாளிகளை. மாதச் சம்பளத்துக்காகக் கடலேறியவன் எந்தப் போருக்கும் பொறுப்பாளி அல்ல.

வரலாறு இதை முன்பே சொல்லித் தந்திருக்கிறது. 1915 மார்ச் 18 அன்று பிரிட்டனும் பிரான்சும் தம் பெரும் போர்க்கப்பல்களை வரிசையாக அணிவகுத்து டார்டனெல்ஸ் நீரிணைக்குள் நுழைந்தன. கரையிலிருந்த துருக்கியக் கோட்டைகளைப் பீரங்கியால் தகர்த்துவிட்டு இஸ்தான்புல்வரை போய்விடலாம் என்பது திட்டம். பத்து நாள் முன்பு, ‘நுஸ்ரத்’ என்ற சின்னஞ்சிறு துருக்கியக் கப்பல் இரவோடு இரவாக வந்து, எரென்கோய் விரிகுடாவில் 26 கண்ணிவெடிகளைக் கரைக்கு இணையாகப் போட்டுவிட்டுப் போயிருந்தது. நேச நாட்டுக் கப்பல்கள் சுட்டுவிட்டுத் திரும்பி வளைவது அந்த இடத்தில்தான் என்று துருக்கியர்கள் கவனித்து வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக் கப்பல் ‘பூவே’ சில நிமிடங்களில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. அன்றே ‘இர்ரெசிஸ்டிபிள்’, ‘ஓஷன்’ என்ற இரு பிரிட்டிஷ் கப்பல்களும் போயின. அதோடு கடற்படை திரும்பியது. நீரிணையைத் தரைவழியாகப் பிடிக்கப் போன கலிப்போலிப் போர் பெரும் உயிர்ப்பலியோடு தோல்வியில் முடிந்தது.

அந்த நீரிணை பிறகு எப்படித் திறந்தது? 1936-இல் மாந்த்ரே நகரில் போடப்பட்ட ஒப்பந்தத்தால். வணிகக் கப்பல் தடையின்றிப் போகலாம், போர்க்கப்பலுக்கு நிபந்தனைகள் உண்டு, சாவி துருக்கியிடம். 2022 பிப்ரவரியில் உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்தபோது துருக்கி அந்த ஒப்பந்தத்தைக் காட்டிப் போர்க்கப்பல்களுக்கு வாசலைச் சாத்தியது. ரஷ்யாவும் அதற்குக் கட்டுப்பட்டது. எந்தக் கடற்படையும் சாதிக்காததைத் தொண்ணூறு வயதை எட்டும் ஒரு காகிதம் சாதித்துக்கொண்டிருக்கிறது.

பாரசீக வளைகுடாவின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. ஈரான்–இராக் போரின்போது, 1987 ஜூலையில், குவைத்தின் எண்ணெய்க் கப்பல்களுக்கு அமெரிக்கக் கொடியை ஏற்றி, போர்க்கப்பல் துணையோடு வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணை வழியே கூட்டிச் செல்லும் ஏற்பாடு தொடங்கியது. முதல் பயணத்திலேயே ‘பிரிட்ஜ்டன்’ என்ற எண்ணெய்க் கப்பல் கண்ணியில் மோதியது. அதன்பின் நடந்ததை அமெரிக்கக் கடற்படையினர் இன்றும் கூச்சத்தோடுதான் நினைவுகூர்வார்கள். காவலுக்கு வந்த போர்க்கப்பல்கள் அடிபட்ட எண்ணெய்க் கப்பலின் பின்னால் வரிசையில் நின்று, அது போன தடத்திலேயே போயின. கண்ணி இன்னொன்று இருந்தால் தடித்த எண்ணெய்க் கப்பல் தாங்கும், மெல்லிய தகட்டுப் போர்க்கப்பல் தாங்காது என்பதே காரணம். அடுத்த ஏப்ரலில் ‘சாமுவேல் பி. ராபர்ட்ஸ்’ என்ற போர்க்கப்பல் சுமார் 1,500 டாலர் விலையுள்ள கண்ணியில் மோதியது. பழுதுபார்க்க ஒன்பது கோடி டாலர் அளவுக்குச் செலவானது. அந்தக் கண்ணியின் வடிவமைப்பு 1908-ஆம் ஆண்டு ரஷ்யாவினுடையது.

பதிலடியாக அமெரிக்கா ஒரே நாளில் ஈரானியக் கடற்படையைச் சின்னாபின்னமாக்கியது, ஈரான் அடங்கியது, ஆகவே மிரட்டல் பலித்தது என்று சொல்லலாம். ஓரளவு சரி. ஆனால் அன்றைய ஈரானுக்கு அதே நீரிணை வழியே தன் எண்ணெயை விற்றாகவேண்டியிருந்தது. அதன் மடியில் கனம் இருந்தது. அதோடு விலையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்தப் பதற்றத்தின் நடுவே, 1988 ஜூலை 3 அன்று, அமெரிக்கப் போர்க்கப்பல் ‘வின்சென்ஸ்’ ஈரானின் பயணிகள் விமானத்தைப் போர் விமானம் என்று நினைத்துச் சுட்டது. 290 பேர் இறந்தார்கள். வளைகுடாவில் அமைதி வந்தது ஐ.நா. தீர்மானத்தை இரு தரப்பும் ஏற்ற பிறகுதான்.

படைபலத்தால் எதுவுமே ஆகாது என்பதல்ல நம் வாதம். கடற்கொள்ளையரிடம் அது நன்றாகவே வேலை செய்கிறது. 2024 மார்ச்சில் ‘ரூயன்’ கப்பலைப் பிடித்துவைத்திருந்த 35 சோமாலியக் கொள்ளையரை ‘ஐ.என்.எஸ். கொல்கத்தா’வும் நம் கடற்படைக் கமாண்டோக்களும் சரணடைய வைத்து, 17 மாலுமிகளை உயிரோடு மீட்டார்கள். கொள்ளையனுக்கு வேண்டியது பணம், உயிர் மிஞ்சினால்தான் பணம். அந்தக் கணக்கு அவனுக்குத் தெரியும். அமெரிக்கக் கூட்டணியில் சேராமல், தனியாகப் பத்துக்கும் மேற்பட்ட போர்க்கப்பல்களை அரபிக்கடலிலும் ஏடன் பக்கமும் நிறுத்திய இந்தியாவின் முடிவு சரியானது. எரிந்துகொண்டிருந்த ‘மார்லின் லுவாண்டா’வின் தீயை அணைக்கப் போன ‘ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம்’, ‘ட்ரூ கான்ஃபிடன்ஸ்’ கப்பலின் 21 பேரைக் கடலிலிருந்து தூக்கிய ‘கொல்கத்தா’ ஆகியவற்றின் பணியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் அவை அடிபட்ட பிறகு செய்த உதவிகள். அடி விழாமல் தடுக்க அவற்றாலும் முடியவில்லை.

சட்டத்தின் துணை இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1946-இல் அல்பேனியாவை ஒட்டிய கோர்ஃபு கால்வாயில் இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கண்ணியில் மோதி 44 பேர் இறந்த வழக்கில், பன்னாட்டு நீதிமன்றம் 1949-இல் தீர்ப்பளித்தது. பன்னாட்டு நீரிணையில் தீங்கின்றிக் கடந்துபோகும் உரிமை எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் உண்டு என்றது. அதே தீர்ப்பு, அனுமதியில்லாமல் நுழைந்து கண்ணிகளை வாரிய பிரிட்டன் அல்பேனியாவின் இறையாண்மையை மீறியது என்றும் சொன்னது. உரிமை உண்டு, அதை அடாவடியாக எடுத்துக்கொள்ளும் உரிமை இல்லை. இழப்பீட்டுத் தகராறு தீர நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் பிடித்தது. 1982-இன் கடல் சட்ட ஒப்பந்தம் நீரிணைப் பயணத்தை இன்னும் விரிவாக உறுதிசெய்கிறது. கடல் சுதந்திரத்தின் காவலன் என்று சொல்லிக்கொள்ளும் அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தை இன்றுவரை ஏற்று உறுதிசெய்யவில்லை. ஹோர்முஸின் கரையிலுள்ள ஈரானும் கையெழுத்தோடு நின்றுவிட்டது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். திருப்பூரில் தைத்த பனியன் ஐரோப்பாவுக்குப் போவது பெரும்பாலும் தூத்துக்குடியில் கண்டெய்னரில் ஏறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி. நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் பத்து முதல் பதினான்கு நாட்கள் கூடுகின்றன. இரண்டு வாரம் தாமதமாகப் போகும் சரக்குக்கு இரண்டு வாரம் தாமதமாகப் பணம் வரும். அதுவரை நூல்காரருக்கும் சாயப்பட்டறைக்கும் கொடுக்க வங்கியில் வட்டிக்கு வாங்கவேண்டும். பருவம் தவறிப் போகும் உடுப்புக்கு வாங்குபவர் தள்ளுபடி கேட்பார், இல்லையென்றால் விமானத்தில் அனுப்பு என்பார். ஹொதைதாவில் ஏவிய டிரோனின் அதிர்ச்சி இப்படித்தான் அவிநாசி சாலைக்கு வந்து சேர்கிறது.

இது பணத்தோடு போகிறது. மாலுமிகளின் நிலை அப்படியல்ல. உலகக் கப்பல்களுக்கு அதிக ஆட்களை அனுப்பும் முதல் சில நாடுகளில் இந்தியா ஒன்று. தூத்துக்குடியிலும் குமரியிலும் இராமநாதபுரத்திலும் சென்னையிலும் கடல்வேலைக்குப் போகாத தெருக்கள் குறைவு. ‘மார்லின் லுவாண்டா’வில் 22 இந்தியர்கள் இருந்தார்கள். 2023 டிசம்பர் 23 அன்று செங்கடலில் தாக்கப்பட்ட ‘சாய்பாபா’வில் 25 பேர். அதே நாளில் குஜராத் கரையிலிருந்து சுமார் 200 கடல்மைல் தொலைவில் டிரோன் தாக்கிய ‘கெம் ப்ளூட்டோ’வில் சுமார் 20 பேர். பன்னாட்டுத் தொழிற்சங்க ஒப்பந்தத்துக்கு உட்பட்ட கப்பல்களில் வேலை செய்பவர்களுக்கு, போர்ப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட கடலுக்குள் போக மறுக்கும் உரிமை உண்டு. நிறுவனத்தின் செலவில் ஊர் திரும்பலாம், போனால் கூடுதல் சம்பளம். அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே, முகவருக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டி, பழைய கப்பலில் ஏறிய இளைஞனுக்கு என்ன உரிமை இருக்கிறது? மறுத்தால் அடுத்த வேலை கிடைக்காது என்ற பயம்தான் இருக்கிறது.

ஹோர்முஸை எண்ணினால் வயிற்றைக் கலக்குகிறது. நாம் எரிக்கும் சமையல் எரிவாயுவில் பாதிக்கும் மேல் இறக்குமதி. அதில் மிகப் பெரும்பங்கு அந்த ஒரு நீரிணை வழியாக வருகிறது. அங்கே கப்பல்கள் போகவும் வரவும் குறித்த தடங்கள் ஒவ்வொன்றும் இரண்டு கடல்மைல் அகலம்தான். கச்சா எண்ணெய்க்காவது விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய மூன்று இடங்களில் 53.3 லட்சம் டன் கொள்ளும் நிலத்தடிக் கிடங்குகள் உள்ளன. முழுக்க நிரம்பியிருந்தால் ஒன்பதரை நாள் தேவைக்கு ஆகும் என்பது அரசின் கணக்கு. சண்டிகோலில் புதிதாகவும் பாதூரில் கூடுதலாகவும் கிடங்குகள் அமைக்க 2021-இல் ஒப்புதல் தந்தார்கள். சமையல் எரிவாயுவுக்கு இருக்கும் நிலத்தடிக் கிடங்குகளோ இரண்டு. விசாகப்பட்டினத்தில் 60,000 டன், மங்களூரில் 80,000 டன். நாடு ஒரு நாளில் எரிப்பது 80,000 டன்னுக்கும் மேல். துறைமுகத் தொட்டிகளையும் சிலிண்டர் ஆலைகளின் இருப்பையும் சேர்த்தாலும், மாதக்கணக்கில் மூடப்பட்ட வாசலுக்கு முன்னால் இது எந்த மூலைக்கு?

கூடுதல் போர்க்கப்பல் வாங்குவதை மட்டுமே பதிலாகச் சொல்லும் பழக்கம் டெல்லியிலும் வேரூன்றிவிட்டது. கப்பல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் செங்கடலில் இரண்டு முறையும் கதவைத் திறந்தது ஓமானின் பேச்சு. ஈரானோடும் சவூதியோடும் இஸ்ரேலோடும் அமெரிக்காவோடும் ஒரே நேரத்தில் பேசக்கூடிய நாடுகள் உலகில் அதிகம் இல்லை. இந்தியா அவற்றில் ஒன்று. அந்த வசதியை நாம் நம் கப்பலை மட்டும் தனியாக விடுவித்துக்கொள்ளவே பயன்படுத்தி வருகிறோம். ஹோர்முஸுக்கும் பாப் எல்-மண்டெபுக்கும் மாந்த்ரே போன்ற ஓர் ஏற்பாடு, வணிகக் கப்பலைத் தொடுவதில்லை என்று கரையோர நாடுகளே கையெழுத்திடும் ஓர் ஏற்பாடு, ஒரே நாளில் வராது. பேச்சைத் தொடங்கவாவது யாராவது வேண்டும். ஆற்றல் இருந்தும் ஒதுங்கி நிற்பது நடுநிலை ஆகாது.

தமிழகத்திலிருந்து மக்களவைக்கு 39 பேர் போயிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தொடரில் அவர்களில் ஒருவராவது எழுந்து மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். எந்தக் கொடியுள்ள கப்பலில் இருந்தாலும், போர்க்கடலுக்குள் போக மறுக்கும் உரிமையை இந்திய மாலுமிக்குச் சட்டத்தில் எழுதித் தருவது எப்போது? 2021-இல் ஒப்புதல் பெற்ற கிடங்குகளில் எண்ணெய் நிரம்புவது எந்த ஆண்டில்? ஹோர்முஸ் மூடிய அன்று, சமையல் எரிவாயு எத்தனை நாளைக்குக் கையில் இருக்கும்? பதிலை நாள்கணக்கில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.